தொழில்நுட்பக் காரணங்களால்

என் குரலைத் தெரியாதவர்கள் போர்ட் பிளேரில் யாரும் இல்லை. முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கப்பல் ஜெட்டியில் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. அதற்குள் ஒரு மைக், ஒரு ஃபேன், நான். எந்தக் கப்பல் எந்தத் தீவுக்குப் போகும், எது போகாது என்று முதலில் ஹிந்தியிலும் அப்புறம் தமிழிலும் சொல்வது என் வேலை. போவதைவிடப் போகாததைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். 'தக்னீக்கி காரணோன் ஸே', அதாவது தொழில்நுட்பக் காரணங்களால் என்று நான் ஆரம்பித்தாலே ஜனங்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். உண்மையான காரணம் எனக்கும் தெரியாது. எழுதிக் கொடுப்பதை வாசிப்பேன். கண்ணாடிக்கு வெளியே வாய்கள் அசையும். திட்டுகிறார்கள் என்று புரியும், ஆனால் ஒரு வார்த்தை உள்ளே வராது. அதுவும் ஒரு சௌகரியம்தான்.

பெயருக்கு நான் தினக்கூலி. தினமும் புதிதாக வேலைக்குச் சேர்ந்து தினமும் சாயங்காலம் நின்றுவிடுகிறவள் என்று அர்த்தம். இப்படியே என் பெண் பிறந்து பத்தாவது வந்துவிட்டாள். என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கி, கடைசியில் ஜெட்டிக்கே பெரிய அதிகாரியான எங்கள் சாப் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. என் கணவர் சுதாகர் சரக்கு ஏற்றும் வேலையில் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். எனவே அந்தக் கையெழுத்துக்காக நான் எவ்வளவு நல்ல பெண்ணாக நடந்துகொண்டேன் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். போன மாதம் என்னை உட்காரவைத்து எல்லா அறிவிப்புகளையும் பதிவு செய்துகொண்டார்கள். நான் லீவு போடும் நாளில் உதவுமாம். எனக்குத்தான் லீவே கிடையாதே என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

வீடு போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில். தினமும் சாத்தமுக்குப் படகு ஏறிப் போய்வருவேன். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடும். இந்த வருஷம் எழுதியவர் ஜாபர் பாய். பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். மெயின்லேண்டிலிருந்து யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே அவர் கடையில் நீலமும் வெள்ளையும் தீர்ந்துபோகும். அதிலிருந்துதான் அவருக்குக் கதை பிடிபட்டது.

கதை இதுதான். பெயரில்லாத ஒரு தீவு. பிரசவ வலி வந்த மனைவியோடு ஒருவன் ஜெட்டியில் காத்திருக்கிறான். கப்பல் எதிரிலேயே நிற்கிறது. ஆனால் ஏற்ற மாட்டேன் என்கிறார் அதிகாரி. நாளைக்கு ஒரு பெரியவர் வந்து கப்பலைப் பார்வையிடப் போகிறார், புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறது, காயவில்லை. மூன்று காட்சிகளுக்கு அவன் கெஞ்சுகிறான், அதிகாரி விதிகளைச் சொல்கிறார். நான்காவது காட்சியில் மனைவி இறந்துவிடுகிறாள்.

எந்தத் தீவில் நடந்தது பாய் என்று ஒத்திகையில் கேட்டேன். "எங்கயும் நடக்கல. நான் சும்மா எழுதுனேன்" என்றார். ஆனால் ஒத்திகை பார்க்க வந்த ஒவ்வொருவரும், கேம்பல் பேயில் என் சித்தப்பாவுக்கு, திக்லிபூரில் என் மச்சினிக்கு என்று ஆரம்பித்தார்கள். எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது.

எங்கள் பக்கத்தில் தமிழ் நாடகம் போட்டால் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஒருவர் மைக்குக்கு வந்து ஹிந்தியில் சுருக்கம் சொல்வார். பெங்காலிகள், தெலுங்கர்கள், கூலி வேலைக்கு வந்து தங்கிவிட்ட ராஞ்சிக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பார்களே, அவர்களுக்காக. இந்த வருஷம் அந்த வேலை எனக்கு.

சங்கத் தலைவர் ராஜமாணிக்கம் அனுமதி கேட்கப் போனபோது, கதை என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் கடல் பயணம், கடைசியில் சுபம் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்துவிட்டார். வந்ததும் எங்களை உட்காரவைத்தார்.

"தமிழ்ல பாய் என்ன வேணா எழுதட்டும். ஹிந்தியில நாம நல்ல பிள்ளையா இருந்துக்குவோம். சுகிர்தாம்மா, நீங்க ஜெட்டியில பேசற மாதிரியே அழகா, மரியாதையா ரெண்டு வரி சொல்லிடுங்க. ஆபீசர்களுக்குத் தமிழ் தெரியாது. பஸ், காம் கதம், வேலை முடிஞ்சுது."

"என் நாடகத்தைக் காப்பாத்த இன்னொரு நாடகம் போடணுமா தலைவரே?" என்றார் ஜாபர் பாய். அவர் முகம் சிவந்துவிட்டது.

"போடலேன்னா ரெண்டுமே கிடையாது பாய். மைதானமும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. அப்புறம் நீங்க கடையில உக்காந்து டப்பாவுக்குத்தான் வசனம் சொல்லணும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். எனக்கு அது பெரிய பாவமாகப் படவில்லை. எழுதிக் கொடுப்பதை வாசிப்பதில் எனக்கு இருக்கும் அனுபவம் வேறு யாருக்கு இருக்கிறது?

இதில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முட்டாள்தனம் செய்தோம். அது அப்போது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

நாடகத்தன்று ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. எங்கள் தீவில் சூரியன் அவ்வளவுதான். மைதானம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வெள்ளை உறை போட்ட ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யாருக்கு என்று ராஜமாணிக்கத்திடம் கேட்டேன். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, சிறப்பு விருந்தினருக்கு என்றார். அந்த நேரத்தில் படகிலிருந்து இறங்கி, சங்கத்துக்காரர்கள் டார்ச் காட்ட, வெள்ளைச் சட்டையில் எங்கள் சாப் நடந்து வந்தார்.

ராஜமாணிக்கத்தை ஓரமாக இழுத்தேன்.

"யார் கூப்பிட்டது இவரை?"

"நான்தான். கப்பல் கதையாச்சே, கப்பல் ஆபீசரைக் கூப்பிட்டா கௌரவமா இருக்கும்னு... அவர் வருவார்னு நான் கண்டேனா?"

"என் ஃபைல் அவர் மேஜையில இருக்கு, தலைவரே."

"அதான் சொல்றேன். நல்லா பேசினீங்கன்னா அவரே பாராட்டி கையெழுத்துப் போட்டுடுவார்." சொல்லிவிட்டு நாற்காலியைத் தட்டிவிட ஓடினார். அவரைக் கடலில் தள்ளலாம் போலிருந்தது.

முதல் காட்சி. கணவனாக நடித்த பிரேம் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். அதிகாரியாக கணேஷ்குமார், கையில் பெயிண்ட் பிரஷோடு, கப்பலை விட்டு ஒரு அங்குலம் நகராமல் நின்றான். "உம் பொண்டாட்டி நாளைக்குப் பெத்துக்கக் கூடாதா? நாட்டுக்கே நல்ல நாள் நாளைக்குத்தான்" என்றான். கூட்டம் சிரித்தது. கசப்பாகத்தான் சிரித்தது. ஜாபர் பாய் எதிர்பார்த்த சிரிப்பு அது.

விளக்கு அணைந்தது. நான் மைக்குக்குப் போனேன். ஜெட்டிக் குரலை எடுத்தேன். ஒரு தம்பதியர் பயணத்துக்கு வந்திருக்கிறார்கள், அதிகாரி அவர்களை அன்போடு வரவேற்றுக் கப்பலின் சிறப்புகளை விளக்குகிறார் என்று ஹிந்தியில் இரண்டு வரி.

ஒரு வினாடி அமைதி. அப்புறம் மைதானமே வெடித்துச் சிரித்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புடவை எங்காவது விலகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். திரைக்குப் பின்னால் வந்ததும் ஜாபர் பாய் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யா அல்லா, இவங்க எல்லாருக்கும் ஹிந்தி தெரியுமே" என்றார்.

அதுதான் எங்கள் முட்டாள்தனம். இந்தத் தீவில் பிறந்த எந்தத் தமிழனுக்கு ஹிந்தி தெரியாது? மீன்காரியோடு பேரம் பேசுவது ஹிந்தியில், பக்கத்து வீட்டோடு சண்டை போடுவது ஹிந்தியில், பிள்ளைகள் ஆளுக்கு ஆள் ஏசிக்கொள்வதும் ஹிந்தியில். ஆனால் ஹிந்திச் சுருக்கம் என்றால் அது அவர்களுக்கு, நமக்கில்லை என்று எங்களுக்கு அப்படி ஊறிப்போயிருந்தது. எங்கள் ஆட்கள் முதலில் உண்மையைக் கேட்டார்கள். பிறகு அதே உண்மையை அதிகாரமாக, மரியாதையாக, தினமும் அவர்களைக் காக்கவைக்கும் அதே குரல் மழுப்புவதையும் கேட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

இரண்டாவது காட்சிக்குப் பிறகு இன்னும் மோசம். பயணிகள் பொறுமையுடன் ஒத்துழைக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்று போனேன். 'பொறுமை' என்று வந்ததும் பின்வரிசையில் விசில் பறந்தது. சாப் முதலில் தானும் சிரித்தார், நான் ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்து. பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது. கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார்.

"மூணாவதுக்குப் போகாதீங்கம்மா" என்றார் ராஜமாணிக்கம்.

"போகாட்டி இன்னும் சந்தேகம் வரும்" என்றார் ஜாபர் பாய்.

"உங்களுக்கென்ன பாய், கடை இருக்கு. இந்தம்மா பொழப்பு?"

இருவரும் என் பொழைப்பைப் பற்றி என்னை வைத்துக்கொண்டே தர்க்கம் செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் போனேன். கணவனும் மனைவியும் ஜெட்டியில் ஓய்வெடுக்கிறார்கள் என்றேன். அவள் அங்கே வலியில் தரையைப் பிராண்டியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இந்தத் தடவை சிரிப்போடு கைத்தட்டலும் வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுதாகர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சாப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது சாப் விரலை அசைத்துக் கூப்பிட்டார். பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"யே லோக் ஹன்ஸ் க்யோன் ரஹே ஹைன்?" ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஊர் ஜனங்க சாப். திருவிழா மூடு. எதுக்கெடுத்தாலும் சிரிப்பாங்க" என்று ஹிந்தியில் சமாளித்தேன்.

அவர் என்னை நன்றாக ஒருமுறை பார்த்தார். பிறகு, கடைசிக் காட்சியில் மேடையிலேயே நின்று, ஒவ்வொரு வரியையும் அங்கங்கே ஹிந்தியில் சொல்லச் சொன்னார். சுருக்கம் வேண்டாமாம். ஏக் ஏக் லைன். "உன் ஃபைல் என்னிடம்தானே இருக்கிறது?" என்று கடைசியில் ஒன்று கேட்டார். ஊர் நிலவரம் விசாரிப்பதைப்போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

திரைக்குப் பின்னால் வந்து சொன்னேன். ராஜமாணிக்கம் உட்கார்ந்துவிட்டார். காட்சியையே வெட்டிவிடலாம், ஜெனரேட்டர் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்றார். ஜாபர் பாய் முதலில் அவரை முறைத்தார். அப்புறம், "சுகிர்தா, நீ என்ன வேணா சொல்லும்மா. பொய் சொன்னாலும் நான் கோவப்பட மாட்டேன். ஆனா காட்சிய வெட்டாதீங்க" என்றார். தன் கடைக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாமலில்லை.

மேடையின் ஓரத்தில் மைக்கோடு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. நடுவில் மனைவியாக நடித்த கவிப்ரியா கிடந்தாள், மேலே ஒரு துப்பட்டா. அட்டைக் கப்பலின் பக்கவாட்டில் நிஜமான நீல பெயிண்டை அப்போதுதான் அடித்து வைத்திருந்தார்கள். வாடை மூக்கைத் துளைத்தது.

பிரேம் மெதுவாக எழுந்து கணேஷ்குமாரிடம் வந்தான்.

"கப்பல்ல ஏத்த முடியாதுன்னீங்க சார். கப்பல் இங்கதான் நின்னுச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், அவளும் பாத்துக்கிட்டே செத்தா."

அவன் நிறுத்தினான். என் முறை. சாப் முன்னால் சாய்ந்தார். ஃபைல், சுதாகர், பெண்ணின் படிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் என் கண்முன் வந்து நின்றன. பயணி கப்பலைப் பார்த்து மகிழ்ந்ததற்கு அதிகாரிக்கு நன்றி சொல்கிறார் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கூட்டம் சிரித்தது. பழக்கத்தில் சிரித்தது. மூன்று காட்சிகளாக அதற்கு அப்படிப் பழகியிருந்தது.

ஆனால் இப்போது அந்தச் சிரிப்பு செத்தவள்மேல் போய் விழுந்தது. சிரித்தவர்களுக்கே அது உறைத்திருக்க வேண்டும், பாதியில் அடங்கியது. பிரேம் என் பக்கம் திரும்பினான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். நாடகத்தில் இல்லாத ஒரு காரியத்தைச் செய்தான். அதே வசனத்தை மறுபடியும், கணேஷ்குமாரை விட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னான்.

இத்தனை வருஷமாக என்னிடம் யாரும் நேராக இப்படிச் சொன்னதில்லை. எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் வாயசைத்தார்கள். இங்கே கண்ணாடி இல்லை. அவமானத்தில் எனக்குக் காது எரிந்தது. கூடவே கோபமும் வந்தது, யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியாத கோபம்.

ஜெட்டிக் குரலிலேயே ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த மைக் குரல் அது ஒன்றுதான். "யாத்ரீகண் க்ருப்யா த்யான் தேன்." பயணிகள் கவனிக்கவும். யாரோ சிரிக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டார்கள். கப்பல் ஜெட்டியிலேயே நிற்கிறது என்றேன் ஹிந்தியில். தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. புதுப் பெயிண்ட் காயவில்லை என்று யாரையும் ஏற்றவில்லை. இந்தப் பெண் கப்பலைப் பார்த்துக்கொண்டே இறந்துவிட்டாள். அவள் புருஷன் அதைத்தான் கேட்கிறான்.

முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பெங்காலி அம்மாள், அதுவரை மற்றவர்களோடு சேர்ந்து சும்மா சிரித்துக்கொண்டிருந்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு இப்போதுதான் கதை தெரிகிறது.

பிரேம் அட்டைக் கப்பலிடம் போய் உள்ளங்கையை அழுத்தி எடுத்தான். கை முழுக்க நீலம். அந்தக் கையை கணேஷ்குமாரின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேராக வைத்தான்.

"இன்னும் காயல."

"அபீ பீ நஹீன் ஸூகா, சாப்" என்றேன் நான். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் வசனத்தில் இல்லை.

கைதட்டல் வர நேரமானது. வந்தபோது சாப் எழுந்து நடந்துகொண்டிருந்தார். ராஜமாணிக்கம் சால்வையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார், போட்டுவிடும் துணிச்சல் வரவில்லை. ஆனால் சாப்பால் எங்கே போய்விட முடியும்? படகு சாத்தம் பக்கம் நின்றிருந்தது. நாடகம் பார்க்க அக்கரையிலிருந்து வந்திருந்த கூட்டமும் அவரும் ஒரே ஜெட்டியில், ஒரே விளக்குக்கடியில், படகு வரும்வரை நிற்க வேண்டியதாயிற்று. அவரைச் சுற்றி ஒரு ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்ததாம்.

வீட்டுக்குப் போகும் வழியில் சுதாகர், "நல்லாத்தான் சொன்னே" என்றார்.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் படகேறிப் போனேன். ஜெட்டி கேட்டிலேயே சூபர்வைசர் நின்றிருந்தார். நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமே ஆள் வேணாமாம் சுகிர்தா. மெஷினே போதுமாம்" என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடி அறை பூட்டியிருந்தது, உள்ளே என் ஃபேன் சுற்றாமல் நின்றது. சுதாகரிடம் என்ன சொல்வது, பெண்ணிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், பயணிகள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கேம்பல் பே கப்பலுக்கு ஜனங்கள் மூட்டைகளோடு காத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

ஸ்பீக்கர் கரகரத்தது. என் குரல் வந்தது. போன மாதம் பதிவு செய்த குரல். நன்றாகத்தான் இருந்தது. "யாத்ரீகண் க்ருப்யா த்யான் தேன். தக்னீக்கி காரணோன் ஸே..."

எங்கோ ஒருவர் சிரித்தார். பெஞ்சில் எனக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார். அப்புறம் வரிசையில் நின்ற பெங்காலிப் பையன்கள், கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த ராஞ்சிக்காரி. அவர்களில் யார் நாடகத்துக்கு வந்தார்கள், யார் வந்தவர்கள் சொல்லிக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் குரல் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் மரியாதையாக மேலே மேலே பேசிக்கொண்டே போனது. அது பேசப் பேசச் சிரிப்பு ஜெட்டி முழுக்கப் பரவியது.

சூபர்வைசர் உள்ளே ஓடினார். ஸ்பீக்கர் பாதி வார்த்தையில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி கேட்டுக்கு வந்து என்னைத் தேடினார். கப்பல் தாமதம் என்று எப்படியாவது ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாயா என்று கேட்டார்.

"சொல்றேன் சார்" என்றேன். "காரணம் என்னன்னு சொல்லுங்க."

அவர் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார், அதிலும் 'தக்னீக்கி காரணோன் ஸே' மட்டும்தான் இருந்தது. நான் பெஞ்சில் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டேன்.